ஒரே ஓவனில் சண்டே ரோஸ்ட்: இரண்டு மணிச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கி ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் ஒரு பெரிய இறைச்சித் துண்டு, அதன் கொழுப்பில் மொறுமொறுவென்று வெந்த உருளைக்கிழங்கு, முட்டை, பால், மாவுக் கரைசல் உப்பி எழுந்த யார்க்‌ஷைர் புட்டிங், இரண்டு மூன்று காய்கறி, எல்லாவற்றின் மேலும் சூடாக ஊற்றிய, இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவுமே கடினமில்லை. மசாலா அரைக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். உப்பு, மிளகு, கொழுப்பு, சூடு, அவ்வளவுதான். ஆனால் இறைச்சிக்கு மிதமான சூடு வேண்டும், கிழங்குக்கு அதிகச் சூடு வேண்டும், புட்டிங்குக்கு அதைவிட அதிகம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பதோ ஒரே ஓவன். முதல்முறை செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இறைச்சியை வெளியே எடுத்து ஆறவிடும் அரை மணி நேரம்தான் இதற்கு விடை. இறைச்சி எப்படியும் ஆறத்தான் வேண்டும். அது ஆறும் நேரத்தில் ஓவன் காலியாக இருக்கிறது. அப்போது சூட்டை ஏற்றினால் கிழங்கு முறுகும், புட்டிங் எழும், அடுப்பின் மேல் கிரேவி கொதிக்கும். இந்த அரை மணியை நடுவில் வைத்து முன்னும் பின்னும் திட்டமிட்டுவிட்டால் பதற்றமே இருக்காது. கீழே உள்ள நேரக் கணக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

ஒரே நெருப்பில் உருவான சாப்பாடு

இது இன்றைக்கு வந்த சிக்கலும் இல்லை. ஓவன் வீடுகளுக்கு வரும் முன் இங்கிலாந்தில் இறைச்சியை இரும்புக் கம்பியில் கோத்து, திறந்த நெருப்பின் முன்னால் சுழற்றிச் சுட்டார்கள். வசதியான வீடுகளில் கம்பியைச் சுழற்ற, சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடுவதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். அந்த இனம் இப்போது இல்லை; பாடம் செய்யப்பட்ட ஒன்று மட்டும் வேல்ஸில் உள்ள ஆபர்கவெனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுழலும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வைப்பார்கள். அந்தத் தட்டில் முட்டை, பால், மாவு கலந்த கரைசலை ஊற்றினால் கொழுப்பிலேயே வெந்து எழும். யார்க்‌ஷைர் புட்டிங் பிறந்தது அப்படித்தான். ஹன்னா கிளாஸ் 1747-இல் எழுதிய சமையல் நூலில் அந்தப் பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

அடுப்பு வசதியில்லாத நகரத்து ஏழைக் குடும்பங்கள் இன்னொரு வழி கண்டன. ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும் வழியில், கிழங்கின் மேல் இறைச்சியை வைத்த பாத்திரத்தை ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அன்று ரொட்டி சுடாததால் அவருடைய பெரிய அடுப்பு சும்மா இருக்கும். வழிபாடு முடிந்து திரும்பும்போது சாப்பாடு தயார்.

எந்த இறைச்சி

மரபுப்படி முதலிடம் மாட்டிறைச்சிக்கு. எலும்போடு கூடிய விலாத்துண்டு சிறந்தது, விலையும் அதிகம். வாராவாரம் செய்கிற வீடுகளில் வாங்குவது டாப்சைடு என்கிற தொடைப்பகுதி. கொழுப்பு குறைவு என்பதால் கடைக்காரர் மேலே ஒரு கொழுப்புப் பட்டையை வைத்து நூலால் கட்டித் தருவார். ஐந்தாறு பேருக்கு ஒன்றரை கிலோ போதும். மறுநாளுக்கும் மிஞ்ச வேண்டுமென்றால் இரண்டு கிலோ வாங்குங்கள்.

ஆட்டுக்கறி என்றால் கால் அல்லது தோள். கால் சீக்கிரம் வேகும். தோளை நான்கு மணி நேரம் மெதுவாக வேகவிட்டால் கரண்டியாலேயே பிரித்துவிடலாம். நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியோடு டுனீடின் என்ற கப்பல் 1882-இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தது. அந்த வணிகம் பெருகிய பிறகு ஆட்டுக்கறி சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. இன்றும் பிரிட்டன் கடைகளில் நியூசிலாந்து ஆட்டுக்காலைப் பார்க்கலாம்.

பன்றி என்றால் தோலோடு கேளுங்கள். அந்தத் தோலைக் கீறி, ஈரம் போகத் துடைத்து, உப்பு தேய்த்து, முதல் அரை மணி நேரம் கடும் சூட்டில் வைத்தால் பொரிந்து மொறுமொறுப்பாகும். அதற்காகவே பன்றியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய.

முதல்முறை செய்பவர்களுக்கும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் கோழியைத்தான் நான் சொல்வேன். 1.6 கிலோ கோழி நான்கு பேருக்குப் போதும். கணக்கும் எளிது: 190 டிகிரி செல்சியஸில் கிலோவுக்கு 45 நிமிடம், அதன் மேல் 20 நிமிடம். சைவர்களுக்குப் பருப்பு, கொட்டை, காளான், ரொட்டித்தூள் சேர்த்துச் சுடும் நட் ரோஸ்ட் உண்டு. அவர்களுக்கான கிழங்கையும் புட்டிங்கையும் சூரியகாந்தி எண்ணெயில் தனியாகச் செய்யுங்கள்.

முந்தின நாள் இரவு

இறைச்சியின் ஈரத்தைத் துடைத்து, எல்லாப் பக்கமும் உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காயும். ஈரமான இறைச்சி ஓவனில் முதலில் ஆவியில் வெந்துகொண்டிருக்கும். மேல்தோல் காய்ந்த பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். ரோஸ்ட்டின் மணமும் பழுப்பு நிறமும் அந்த மாற்றத்தில் வருபவை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மெயார் 1912-இல் விளக்கிய வினை அது. இரவே காயவைத்தால் அது சீக்கிரம் தொடங்கும்.

நேரக் கணக்கு

சாப்பாடு 2 மணிக்கு. ஒன்றரை கிலோ டாப்சைடு, நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும் பதம். இங்கே சொல்லும் சூடு சாதாரண ஓவனுக்கு. மின்விசிறி உள்ள ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

11.00 – இறைச்சியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.
11.30 – புட்டிங் மாவைக் கரைத்து ஓரமாக வையுங்கள். கிழங்கு, காய்கறிகளை உரித்து நறுக்குங்கள்.
11.45 – ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றுங்கள்.
12.05 – இறைச்சி உள்ளே.
12.10 – கிழங்கை உப்புத் தண்ணீரில் அடுப்பில் ஏற்றுங்கள்.
12.25 – ஓவனை 170 டிகிரிக்குக் குறையுங்கள்.
12.30 – கிழங்கை வடித்து ஆவி போக விடுங்கள். கொழுப்பு ஊற்றிய டிரேயை ஓவனில் சூடாக்குங்கள்.
12.45 – கிழங்கு உள்ளே.
1.05 – இறைச்சியின் உள்சூட்டைப் பார்க்கத் தொடங்குங்கள்.
1.20 – இறைச்சி வெளியே. ஓவன் மறுபடி 220. கிழங்கைத் திருப்பிவிட்டு, புட்டிங் தட்டைக் கொழுப்போடு உள்ளே வையுங்கள். பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிறிய கிழங்கு) இருந்தால் இப்போது கிழங்கோடு சேருங்கள்.
1.30 – புட்டிங் மாவை ஊற்றுங்கள். அதன் பிறகு ஓவன் கதவைத் தொடாதீர்கள். கிரேவியைத் தொடங்குங்கள்.
1.40 – கேரட், முட்டைக்கோஸ், பட்டாணி அடுப்பில். சாப்பாட்டுத் தட்டுகளைச் சுடுநீரில் சூடாக்குங்கள்.
1.50 – இறைச்சியை அறுங்கள்.
1.55 – கிழங்கும் புட்டிங்கும் வெளியே.

இதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பல வருடம் ரோஸ்ட் செய்து பழகியவர்களும் இப்படி எழுதி வைப்பதுண்டு. இறைச்சி ஐந்து பத்து நிமிடம் முன்னதாக வெந்துவிட்டால் கவலை வேண்டாம், கூடுதலாக ஆறும், அவ்வளவுதான்.

இறைச்சியின் உள்சூடு

கடிகாரத்தை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். ஒரே எடையுள்ள இரண்டு துண்டுகளில் ஒன்று தடிமனாகவும் மற்றது நீளமாகவும் இருந்தாலே வேகும் நேரம் மாறிவிடும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானிக்குச் செலவிடும் பணம், ஒரே ஒரு நல்ல துண்டு வீணாகாமல் காத்தாலே திரும்பி வந்துவிடும்.

மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 50 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் உள்சூடு ஐந்து டிகிரி வரை ஏறி இளஞ்சிவப்புப் பதத்தில் நிற்கும். சிவப்பே வேண்டாம் என்பவர்கள் 65 வரை விடலாம். டாப்சைடு அதற்கு மேல் போனால் வறண்டுவிடும். ஆட்டுக்காலை 55-இல் எடுக்கலாம். கோழிக்கு மட்டும் பேரமே கிடையாது: தொடையின் தடித்த பகுதியில் 75 டிகிரி இருக்க வேண்டும், குத்தினால் வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். பன்றியும் நடு வரை வேக வேண்டும். முழுத்துண்டில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால் மாட்டையும் ஆட்டையும் உள்ளே சிவப்பாக விடலாம். எலும்பை எடுத்துவிட்டுச் சுருட்டிக் கட்டிய துண்டில் வெளிப்பக்கம் உள்ளே போயிருக்கும். அதை முழுமையாக வேகவையுங்கள்.

டிரேயில் இறைச்சியின் கீழே தடிமனாக நறுக்கிய வெங்காயமும் ஒரு கேரட்டும் பரப்பிவிடுங்கள். அடி கருகாது, பிறகு கிரேவிக்கு அவைதான் ஆதாரம்.

உருளைக்கிழங்கு

மேசையில் முதலில் தீர்வது கிழங்குதான். இறைச்சி சுமாராக இருந்தாலும் கிழங்கு சரியாக வந்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதனால் இதில் அவசரம் கூடாது.

மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு வேண்டும். பிரிட்டனில் இதற்குப் பெயர் பெற்றவை மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் ஆகிய இரண்டும். வேகவைத்தாலும் உடையாத, மெழுகு போன்ற சாலட் கிழங்கு உதவாது. ஐந்தாறு பேருக்கு ஒன்றரை கிலோ. உரித்து, ஒரு பக்கமாவது சாய்வான வெட்டு வரும்படி பெரிய துண்டுகளாக்குங்கள். வெட்டுப்பரப்பு கூடினால் மொறுமொறுப்பும் கூடும்.

குளிர்ந்த தண்ணீரில் தாராளமாக உப்பு போட்டு ஏற்றுங்கள். கொதி வந்தபின் எட்டிலிருந்து பத்து நிமிடம். ஓரங்கள் கரையத் தொடங்க வேண்டும், நடு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் ஓரங்கள் இன்னும் நன்றாகக் கரையும், காரத்தன்மை கிழங்கின் பெக்டினை உடைப்பதால். வடிக்கும்போது ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரைக் கிரேவிக்கு எடுத்து வையுங்கள். சோடா சேர்த்திருந்தால் வேண்டாம்.

வடித்த கிழங்கை வடிதட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆவி அடங்கியதும் சட்டியில் போட்டு மூடி இரண்டு மூன்று முறை குலுக்குங்கள். மேல்பகுதி பிசிறு பிசிறாக ஆகும். எண்ணெயில் மொறுமொறுக்கப் போவது இந்தப் பிசிறுதான். பிரிட்டிஷ் சமையலறைகளில் சிலர் இப்போது ஒரு மேசைக்கரண்டி ரவை தூவிக் குலுக்குவார்கள். வெள்ளை ரவைதான், நம் வீட்டில் உப்புமாவுக்கு வைத்திருப்பதே. வறுக்க வேண்டாம்.

கொழுப்பு எது? மாட்டுக்கொழுப்பு மரபு, கொழுத்த பெரிய வாத்தின் கொழுப்பு விசேஷ நாளுக்கு, அன்றாடத்துக்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும். டிரேயின் அடியில் அரை சென்டிமீட்டர் நிற்கட்டும், கிழங்கைப் போடும்போது சத்தம் எழும் அளவுக்குக் காயட்டும். துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது; நெருக்கினால் அவிந்துபோகும். இறைச்சியோடு 170-இல் இருக்கும் முதல் அரை மணியில் நிறம் வராது. பொறுமையாக இருங்கள். 1.20-க்கு மேல் சூடு ஏறியதும் பொன்னிறமாகிவிடும்.

அந்த அரை மணி நேரம்

இறைச்சியைச் சூடான பலகைக்கோ தட்டுக்கோ மாற்றி, அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். இறுக்கி மூடினால் முறுகிய மேல்பகுதி ஆவியில் நனைந்து தளரும். வெந்தவுடன் அறுத்தால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அரை மணி கழித்து அறுத்தால் பெரும்பகுதி இறைச்சியிலேயே தங்கும். சூடு தணிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். ஒன்றரை கிலோ துண்டு அவ்வளவு சீக்கிரம் ஆறாது, சூடான தட்டும் கொதிக்கும் கிரேவியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது புட்டிங். காலையில் கரைத்த மாவு இதுதான்: 4 முட்டை, 200 மில்லி பால், 140 கிராம் மைதா, கொஞ்சம் உப்பு. முட்டையை மாவில் அடித்துக் கட்டியில்லாமல் குழைத்த பிறகு பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஆப்ப மாவுப் பதம் வரவேண்டும். பேக்கிங் பவுடர் கிடையாது. புட்டிங்கைத் தூக்குவது ஆவி மட்டுமே: கடும் சூட்டில் கரைசலின் நீர் சட்டென்று ஆவியாகி மேலே தள்ள, முட்டையும் மாவும் அந்த வடிவத்திலேயே இறுகிக்கொள்கின்றன. இறுகும் முன் கதவைத் திறந்தால் உள்ளே வரும் குளிர்காற்றில் சரிந்துவிடும். அதனால் முதல் 20 நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

பன்னிரண்டு குழித் தட்டில் குழிக்கு ஒரு தேக்கரண்டி கொழுப்பு, புகை எழும் அளவு சூடு. வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ இந்தச் சூட்டில் கருகும். மாவை ஒரு குவளையிலிருந்து வேகமாக, குழியின் பாதி வரை ஊற்றி உடனே கதவைச் சாத்துங்கள். 25 நிமிடம். பத்து சென்டிமீட்டர் உயரமாவது எழாவிட்டால் அது யார்க்‌ஷைர் புட்டிங்கே இல்லை என்று 2008-இல் பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அறிவித்தது. அந்த உயரம் முதல்முறையே வராவிட்டாலும் சுவை குறையாது.

கிரேவியில் தேங்காயும் இல்லை, மிளகாயும் இல்லை. இறைச்சி வெந்த டிரேயின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புதான் அதன் முழுச்சுவையும். இறைச்சியை எடுத்த உடனேயே கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவிட்டு மீதியை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். அதைத்தான் புட்டிங் குழிகளில் ஊற்ற வேண்டும். டிரேயை அப்படியே அடுப்பின் மேல் வைத்து, ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, வெங்காயத்தோடு சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். பிறகு அரை லிட்டர் எலும்புச்சாறு, எடுத்து வைத்த கிழங்குத் தண்ணீர். மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். பலகையில் தேங்கிய இறைச்சிச் சாற்றையும் கடைசியில் ஊற்றி வடிகட்டுங்கள். உப்பை அப்போதுதான் பார்க்க வேண்டும். 1908-இல் வந்த பிஸ்டோ என்ற கிரேவிப் பொடியை இன்றும் பாதி நாடு பயன்படுத்துகிறது. கெட்டிப்படுத்த ஒரு கரண்டி சேர்ப்பதில் தப்பில்லை, டிரேயில் ஒட்டிய சாற்றைக் கழுவி ஊற்றிவிட்டு வெறும் பொடியில் செய்வதைத்தான் ஏற்க முடியாது.

துணைக்கு

மாட்டுக்கு ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரின் விழுது, அல்லது கடுகு விழுது. ஆட்டுக்குப் புதினா சாஸ்: ஒரு கைப்பிடி இலையைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர், அதே அளவு வினிகர், அரைக்கக் கூடாது. பன்றிக்கு ஆப்பிள் சாஸ். கோழிக்கு சேஜ் இலையும் வெங்காயமும் ரொட்டித்தூளும் சேர்த்த ஸ்டஃபிங், கிராம்பு வெங்காயம் ஊறிய பாலில் ரொட்டித்தூள் கரைத்த பிரெட் சாஸ். காய்கறியைக் குழைய விடாதீர்கள். முட்டைக்கோஸுக்கு மூன்று நிமிடம் போதும்.

பிரிட்டனில் வாழும் தமிழ் வீடுகளில் கோழிக்கு இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் தடவி ரோஸ்ட் செய்பவர்கள் உண்டு. நன்றாகவே இருக்கும். ஆனால் டிரேயின் சாறும் காரமாகிவிடும். அதில் செய்த கிரேவி புட்டிங்கோடு ஒட்டாது. ஒருமுறையாவது உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

அறுப்பதும் பரிமாறுவதும்

இறைச்சியில் நார் ஓடும் திசையைப் பாருங்கள். அதற்குக் குறுக்கே, மெல்லியதாக, நீளமான கூர்க்கத்தியால் அறுங்கள். டாப்சைடு மென்மையாக இருப்பதும் ரப்பராக இருப்பதும் பாதி இதில்தான் இருக்கிறது.

யார்க்‌ஷைரில் பழைய வழக்கம் வேறு. புட்டிங்கைக் கிரேவியோடு முதலில் தனியாகப் பரிமாறிவிடுவார்கள். மாவும் முட்டையும் வயிற்றை நிரப்பிவிட்டால் விலை அதிகமான இறைச்சி எல்லோருக்கும் போதும். பெரிய குடும்பம், சிறிய துண்டு என்றால் இன்றைக்கும் இது நல்ல யோசனை.

இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிளும் கஸ்டர்டும். கஸ்டர்ட் பொடியைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற பர்மிங்காம் மருந்துக்கடைக்காரர், 1837-இல், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக.

திங்களும் செவ்வாயும்

ஒரு நாளுக்கு மட்டும் இத்தனை இறைச்சி வாங்குவது பழைய வீடுகளில் நினைத்தே பார்க்க முடியாதது. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள்; சமைக்க நேரமிருக்காது. ஞாயிறு மிஞ்சிய குளிர்ந்த இறைச்சியும் ஊறுகாயும்தான் சாப்பாடு. செவ்வாய்க்கு மிஞ்சியதைக் கொத்தி, மசித்த கிழங்கால் மூடிச் சுட்டால் மாட்டுக்குக் காட்டேஜ் பை, ஆட்டுக்கு ஷெப்பர்ட்ஸ் பை. 1940 மார்ச்சில் இறைச்சி ரேஷன் வந்தபோது வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு ஷில்லிங் பத்து பென்ஸ் மதிப்புள்ள இறைச்சிதான் கிடைத்தது. 1954 ஜூலையில் அது நீங்கும் வரை, ஞாயிற்றுக்கிழமைத் துண்டு வாங்க வீட்டின் கூப்பன்களை எல்லாம் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததில் ஒரு துளிக் கொழுப்பையும் வீணாக்கமாட்டார்கள். உறைந்த கொழுப்பை ரொட்டியில் தடவி உப்பு தூவிச் சாப்பிட்டார்கள்.

நீங்களும் அப்படியே செய்யலாம். மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எலும்பையும் கோழியின் எலும்புக்கூட்டையும் வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலையோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்து உறையவையுங்கள்; அடுத்த ஞாயிறு கிரேவிக்கு அரை லிட்டர் அதிலிருந்துதான். மிஞ்சிய கிழங்கையும் முட்டைக்கோஸையும் ஒன்றாக மசித்து, வடித்து வைத்த கொழுப்பு ஒரு கரண்டி விட்டு, இரும்புச் சட்டியில் தட்டையாக அழுத்தி, அடி நன்றாகச் சிவந்து ஒட்டும் வரை தொடாமல் விடுங்கள். பிறகு சுரண்டித் திருப்பி, மறுபடி அழுத்துங்கள். இதுதான் பபிள் அண்ட் ஸ்குவீக். மேலே ஒரு பொரித்த முட்டை வைத்தால் திங்கட்கிழமைச் சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிந்தது.